வானியல் மன்றத்துக்குக் கிடைத்த கோப்பை

ஒரு மேல்நிலைப் பள்ளியின் கண்ணாடி பீரோவுக்குள் வானியல் மன்றத்தின் தொலைநோக்கியும் விளையாட்டு மன்றத்தின் கேரம் பலகையும் அடைபட்டுக் கிடந்தன. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மன்றங்களுக்கென்று கால அட்டவணையில் இருந்தது. அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் டெஸ்ட் வைப்பார்.

ஒருநாள் அதிகாரி வருகிறாரென்று இரண்டையும் வெளியே எடுத்தார்கள். நிலவைக் காட்டப்போகிறோம் என்று தொலைநோக்கி பூரித்துப்போனது. அதை மொட்டை வெயிலில் மைதானத்தில் நிறுத்தி, மங்கையர்க்கரசி என்ற மாணவியைக் கண் வைக்கச் சொன்னார்கள்.

"சார், ஒண்ணுமே தெரியலை. முன்னாடி மூடி போட்டிருக்கு."

"பார்க்கிற மாதிரி நில்லும்மா, போட்டோவுக்குத்தானே!" என்றார் தலைமையாசிரியர்.

பீரோவுக்குத் திரும்பிய தொலைநோக்கி கொதித்தது. "மூடியைக்கூடக் கழற்றலை அண்ணே! அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தீங்களா?"

"என் மேல காயை அடுக்கிப் படம் எடுத்தாங்க. ஒருத்தனையும் ஒரு காய் அடிக்க விடலை. உனக்கு நிலா கேக்குதாக்கும்!" என்றது கேரம் பலகை.

அடுத்த மாதம் பளபளவென்று ஒரு கோப்பை வந்தது. "மாவட்டத்திலேயே சிறந்த வானியல் மன்றத்துக்கான பரிசு நான். தள்ளி நில்லு."

"எந்தப் பிள்ளை வானத்தைப் பார்த்துச்சு? எதுக்குய்யா பரிசு?" என்று சீறியது தொலைநோக்கி.

"அதை யார் கேட்டா? போட்டோ பிரமாதமாம்."

பீரோவில் இடம் போதவில்லை. தொலைநோக்கியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் கோப்பையை வைத்துப் பூட்டினார்கள்.