முந்நூறு சொற்களுக்குள்

ரோண்டா ஐந்தாவது தடவையாக முதல் வரியை அழித்தாள்.

பன்னிரண்டு மணி நேரம் 911 அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஹெட்போன் அழுத்திய இடம் காதுக்கு மேலே இன்னும் வலித்தது. காலை பத்து மணி. சன்னலுக்கு வெளியே டுலூத் நகரத்து ஏரி கரையோரம் உறைந்து கிடந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி கர்ட் இடது கையால் ஓட்ஸ் கஞ்சியை அள்ளிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம். வலது கை மடியில் கிடந்தது. சொன்னால் புரியும், நிதானமாகப் படிப்பான், மனசிருந்தால், சிகிச்சைக்கு வரும் பெண் கெஞ்சினால், ஒன்றிரண்டு சொல் எழுதுவான். வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வராது.

பல்கலைக்கழகம் அவளிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். எந்தத் துறையிலிருந்து வேண்டுமானாலும் வகுப்புகளை எடுத்து, பாடத்திட்டத்தை அவளே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் எதற்காக இப்படி ஒரு முதுகலைப் படிப்பு என்று முந்நூறு சொற்களுக்குள் எழுதித் தரவேண்டும்.

வகுப்பதில் சிரமமே இல்லை. ஒலியியலில் மூன்று வகுப்பு, பேச்சுச் சிகிச்சையில் நான்கு, உளவியலில் இரண்டு. யாரும் பேசாமல் வரும் அழைப்புகளைக் கேட்பது எப்படி என்று படிக்க நினைத்தாள். அதற்கென்று ஒரு படிப்பு, அவள் தேடியவரை, எங்கும் இல்லை.

எதற்காக என்ற இடத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிடும்.

“மூணு துறை வந்திருக்கு ரோண்டா, காரணம் ஒண்ணுகூட வரலையே,” என்று பேராசிரியை மாரிட் நேற்று போனில் அலுத்துக்கொண்டார். “உங்க தம்பிக்காகத்தானே இதெல்லாம்? அதை அப்படியே எழுதிடுங்களேன்.”

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவளும் தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

இமைகள் தாமாக மூடின. காப்பி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. எழுந்துபோய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது. நாளைக்குத்தான் கடைசி நாள்.

ஆறாவது தடவை, யோசிக்கிற தெம்புகூட இல்லாத நேரத்தில், விரல்கள் எழுதத் தொடங்கின. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரையைப் பார்க்கக் கண் எரிந்ததால் அச்செடுத்தாள்.

“இதைக் கேளுடா. நல்லா இல்லைன்னா மூஞ்சியைச் சுளி, போதும்.”

கர்ட், சரி படி என்பதுபோல் கரண்டியை ஆட்டினான்.

அழைப்புகளை எடுக்கும்போது வருமே, ஏற்ற இறக்கம் இல்லாத குரல், அந்தக் குரலில் அவள் படித்தாள்.

‘நான்கு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு நண்பகல், எங்கள் மையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. மூச்சு கேட்டது. தரையை எதனாலோ தட்டும் சத்தம் கேட்டது. பேச்சு இல்லை. அதே எண்ணிலிருந்து அதற்கு முன் இரண்டு முறை குடிபோதையில் அழைப்பு வந்திருந்தது. பணியில் இருந்தவர் திட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அழைத்தவர் அன்று குடித்திருக்கவில்லை. மாலைவரை தரையில் கிடந்தார்.’

அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் வகுப்புகளின் பெயர்கள். அவற்றையும் படித்து முடித்தாள்.

கர்ட் முகத்தைச் சுளிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்தான். இடது கையால் வலது கையைத் தூக்கி, தாள் நகராமலிருக்க அதன்மேல் வைத்தான். பென்சிலை எடுத்தான்.

எழுத்துப்பிழை ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே அதில் அவன் கில்லாடி.

பென்சில் முனை ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. ‘பணியில் இருந்தவர்’ என்பதன் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அதற்கு மேலே, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இளைப்பாறி இளைப்பாறி, கோணல்மாணலாக எழுதினான்.

அக்கா.

மையத்தில் யாருக்கும் தெரியாது. தவறுதலாக வந்த அழைப்பு என்று பதிவு செய்துவிட்டு அவள் அடுத்த அழைப்பை எடுத்திருந்தாள். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கர்ட்டுக்கு அந்த நாளே நினைவிருக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். குளிப்பாட்டினாள், சவரம் செய்துவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். நான்கு வருடம்.

“குடிச்சுட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது? போய்ப் படுடா.” அன்று போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

கூடப் பிறந்தவள் குரல் தெரியாமலா போகும்?

கர்ட் கோடு போட்ட அன்றே பிற்பகல், அந்த இடத்தில் ‘நான்’ என்று திருத்திப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். மையத்தில் இதைப் படித்தால் வேலை நிலைக்காது என்று தெரிந்தேதான் அனுப்பினாள். ஆனால் அது பிறகு.

அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியாகவேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

கர்ட் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.