ரொக்கம் வாங்குவதில்லை

ஹெல்மெட்காரன் மூன்றாவது தடவையாகக் கத்தியை நீட்டியபோது, பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது எனக்கு.

எங்கள் மருந்துக்கடையில் அவன் வாயைத் திறந்ததே இல்லை. கத்தியால் கல்லாவைக் காட்டுவான். நான் இருப்பதை வழித்துக் கொடுப்பேன். போய்விடுவான். பாவம், ஊமை போலிருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போன தடவை அவன் போனதும் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இன்னொரு முறை நடந்தால் கடைப் பக்கமே வரமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். போலீசுக்குப் போகலாம் என்றதற்கு, வீண் அலைச்சல் என்றார். கேமராவில் பதிவானதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முகமே தெரியவில்லை என்றார். அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிறகு வாசலில் ஒரு பலகை மாட்டினார். ‘ஊழியர் பாதுகாப்பு கருதி இங்கே ரொக்கம் வாங்குவதில்லை. கார்டு, ஃபோன் மட்டும்.’

இந்தக் கடைக்கு ஊழியர் நான் ஒருத்திதான். சம்பளம்தான் கிடையாது, பாதுகாப்பாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது கல்லாவை முழுசாக வெளியே இழுத்து அவனுக்குக் காட்டினேன். ரப்பர் பேண்டுகள், ஒரு ஊக்கு, தேதி முடிந்த இருமல் மாத்திரை.

ஹெல்மெட் குனிந்து பார்த்தது. மூலையில் விரலை விட்டுத் துழாவியது. இருமல் மாத்திரையை எடுத்துத் தேதியைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தது.

பிறகு, ஏமாற்றம் தாங்காமல் கேட்டேவிட்டான்.

“காசெல்லாம் எங்க அண்ணி?”

என்னை அக்கா என்பார்கள், ஆன்ட்டி என்பார்கள், சில கிழவர்கள் பாப்பா என்பார்கள். அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் உண்டு, என் கணவரின் தம்பி. போன திருட்டுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்து, அவன் மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று குதித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுப் போனவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அப்படியே பின்னாலேயே நகர்ந்து, கதவில் இடித்துக்கொண்டு, ஓடிவிட்டான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கணவர் ஞாபகம் வந்தது. இவருக்குத் தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். சாகிறவரை மூச்சு விடக் கூடாது என்று தீர்மானித்துக் கல்லாவை உள்ளே தள்ளப் போனேன். அதற்குள் பின்வாசல் வழியாக அவரே வந்து நின்றார்.

கல்லாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

“வாயத் தொறந்துட்டானா?” என்றார்.