உருண்டை சிறுக்காமல்

கம்பளி நூல் பச்சையா நீலமா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. ஐம்பத்துநாலில், எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்துக்கு அண்ணன் ஈசாக் எழுதிய பெயர்ப் பட்டியலைத் தேடி போலீஸ்காரர் குட்டப்பன் எங்கள் வீட்டைக் கிளறினார். கிடைத்தால் ஒன்பது பேருக்கு ஜெயில்.

நான் அன்றுதான் முதன்முதலாகப் பின்னல் ஊசியைப் பிடித்தேன்.

“கம்பளி பின்னுததுக்கு, பாறசாலையில பனியா பெய்யுது பிள்ளே?”

“இப்பத்தான் படிக்கேன் சாரே.”

நான்கு வரி பின்னினேன். பிரித்தேன். உருண்டையில் திரும்பச் சுற்றினேன்.

“இஞ்ச தா. எனக்க அம்மை மிஷன்ல படிச்சவளாக்கும். எனக்கும் தெரியும்.”

மளமளவென்று பின்னினார். உருண்டை சிறுத்தது. சட்டென்று நிறுத்தி, அத்தனையையும் பிரித்து, இறுக்கிச் சுற்றித் தந்தார்.

“பிரிச்சுப் பிரிச்சே படி மக்கா. உருண்டை சிறுக்கப்பிடாது.”

நூலுக்குள் நான் சுற்றி வைத்திருந்த பட்டியலின் ஓரத்தை அவர் பார்த்துவிட்டார்.

ஒன்பது பேரும் தப்பினார்கள். குட்டப்பனைக் காரோடு என்ற ஊருக்கு மாற்றினார்கள். பாறசாலை கேரளத்திலேயே நின்றது. எனக்குப் பின்னல் வரவேயில்லை.