காற்றின் மேல் பழி

மாடியில் வந்து விழுந்த தெர்மாகோல் கிளைடரை எடுத்துக்கொண்டு ஜெனிஃபர் கீழே இறங்கினாள். வாசலில் ஜெபசிங், ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தான். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

“காத்து தள்ளிகினு வந்துடுச்சு,” என்றான்.

“காத்து கடல்லேர்ந்து அடிக்குது. கடலு எங்க வூட்டுக்குப் பின்னால கீது. எதிர்காத்துல எப்படித் தள்ளும்?”

“இன்னும் பேலன்ஸ் வரல. நாளைக்கும் வுட்டுப் பாக்கணும்.”

“தெனிக்கும் இது ஒரு பேஜாரு. கடப்பாக்கம் ஊரே பாத்து சிரிக்குது.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கிளைடரை நீட்டும்போதுதான் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் குறையாமல், தங்கக் கலரில் அவள் பெயர்.

“உன் பேருல கத்தி படாமத்தான் அறுத்தேன்,” என்றான் ஜெபசிங். “என் பேருதான் துண்டு துண்டா போச்சு.”

அவர்களுடைய கல்யாண மேடையில், இருவர் பெயரோடும் மாட்டியிருந்த தெர்மாகோல் போர்டு அது. அதை இறக்கைக்காக அறுத்துவிட்டான் என்றுதான், போன வாரம் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

நீட்டிய கிளைடரை ஜெனிஃபர் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“வண்டியை எடு. இதை நான் மடியில வெச்சுகினு வரேன்.”