அக்கா என்றால் ஒரு ஓட்டு

ஈரோட்டில் விளக்குக் கம்பங்களுக்குக் காது வைத்த பிறகு, தெருவில் பேசுகிற சொல்லே ஓட்டாக எண்ணப்பட்டது. இட்லிக் கடை வெண்மதி திருநங்கை. அவளை 'அக்கா' என்றால் ஒரு கட்சிக்கு ஓட்டு, 'அண்ணே' என்றால் மற்றதற்கு. வம்பெதற்கு என்று சாப்பிட வருகிறவர்கள் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். இருமினார்கள், தட்டைத் தட்டினார்கள். அக்காக் கட்சி லோகு மட்டும் தினமும் கம்பத்தை அண்ணாந்து பார்த்து மூன்று தரம் "அக்கா" என்பான்.

அன்று காலை வெண்மதி இட்லிக் குண்டானை மூடிவிட்டாள்.

"வாயத் தொறந்து என்னையக் கூப்பிட்டாத்தான் இட்லி. இருமிக் காட்டறதுக்கு நான் என்ன டாக்டரா?"

எல்லாரும் கம்பத்தைப் பார்த்தார்கள். அண்ணே கட்சியின் வட்டச் செயலாளர் சென்னியப்பன், கரை வேட்டியோடு முன்னால் நின்றார். பல வருஷமாக அவள் கைச் சாப்பாடுதான் அவருக்கு. அக்கா என்றால் எதிர்க்கட்சிக்கு ஓட்டு விழுமே, பாவம் என்று, வெண்மதி கம்பத்தின் காதைத் துணியால் மூடப் போனாள்.

"விடுங்க, கேட்டுட்டுப் போகுது," என்றார். "அக்கா, நாலு இட்லி வைங்க."

கம்பம் கீச்சென்றது.

"நமக்கு ஒரு ஓட்டு," என்று லோகு துள்ளினான்.

வெண்மதி மூடியைத் திறந்தாள்.

"நீ கம்பத்தக் கூப்பிடற லோகு. அவரு என்னையக் கூப்பிட்டாரு. தள்ளி நில்லு."