டாக்டர் விடுப்பில் இருக்கிறார்

“டாக்டரைத் தேடிட்டு இருக்காதே மச்சான். அவருக்குக் கூச்ச சுபாவம். அவரா வெளியே வந்தாத்தான் உண்டு” என்றார் அத்தான், பயணப் பெட்டியை வாசலுக்கு நகர்த்தியபடி.

டாக்டர் என்பது கூடத்து உப்புநீர்த் தொட்டியில் வாழும் ஓர் அழகு இறால். விரல் நீளம், சிவந்த முதுகில் ஒரு வெள்ளைக் கோடு. மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்று குணப்படுத்துவதால், அக்கா அதற்கு அந்தப் பட்டத்தை வழங்கியிருந்தாள்.

அலுவலகப் பயிற்சிக்காக அக்காவும், அந்தச் சாக்கில் ஊர் சுற்ற அத்தானும் ஒரு வாரம் வெளியூர் கிளம்பினார்கள். தொட்டி தம்பியின் பொறுப்பு.

“தினமும் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்ல தண்ணி ஊத்து. உப்புத் தண்ணியை ஊத்திடாதே. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியேதான் இருக்கும்” என்றாள் அக்கா. “நாங்க திரும்பி வரும்போது டாக்டர் உயிரோட இருந்தா, உன் நாயை இங்கே கூட்டிட்டு வந்துடு. இல்லேன்னா அந்தப் பேச்சையே எடுக்காதே.”

தம்பி தலையாட்டினான். நாய் இருந்தால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவனுடைய வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நாய்க்கு அக்கா வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

“மீன்தொட்டிக் கடைக்காரரையே வந்து பார்த்துக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன். இன்னிக்குக் காலையில உங்க அத்தான் திடீர்னு உனக்குச் சிபாரிசு பண்ணினார். நேத்து தொட்டிக்குத் தண்ணி மாத்தினதும் அவர்தான், கல்யாணமாகி முதல் தடவையா. மனுஷனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு.”

தம்பிக்கு வியப்பாக இருந்தது. ‘உன் தம்பி கை வச்சா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்’ என்பதே அத்தான் அவனுக்கு இதுவரை வழங்கியிருந்த நற்சான்று.

முதல் நாள் டாக்டர் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மஞ்சள் மீன் ஒன்று வழக்கமான பாறையருகே சென்று, வாயைத் திறந்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, சிகிச்சை பெறாமலே திரும்பியது.

வாரத்தின் நடுவில் தம்பி கடைக்கு ஓடினான்.

“ஓடு கழட்டியிருக்கும், பயப்படாதீங்க” என்றார் கடைக்காரர். “கழட்டின ஓடு மீசை, காலு, கண்ணு எல்லாத்தோடயும் அச்சு அசலா செத்த இறால் மாதிரியே கிடக்கும். புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் அது ஒளிஞ்சுக்கும். தொட்டியில ஓடு கிடக்குதா?”

“இல்லைங்க. டார்ச் அடிச்சு மூலைமுடுக்கெல்லாம் பார்த்துட்டேன்.”

“மீனுங்க ஓட்டைச் சீண்டாது. செத்த உடம்புன்னா மிச்சம் வைக்காது.” கடைக்காரர் அதற்கு மேல் விளக்கவில்லை, வானத்தை மட்டும் பார்த்தார்.

“அதே அளவுல ஒண்ணு குடுங்க” என்றான் தம்பி.

புதியதைச் சட்டென்று தொட்டிக்குள் விட்டால் அதிர்ச்சியில் இறந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். எனவே தம்பி அதை வாளியில் வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, தொட்டியின் நீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் இறக்கினான். குளுக்கோஸ் பாட்டிலுக்குக் காவல் இருக்கும் உறவினனைப் போல அருகிலேயே உட்கார்ந்திருந்தான். புதியவர் பிழைத்துக்கொண்டார், உடனே பணியிலும் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து சேர்ந்தார்கள். முதலில் நுழைந்த அத்தான் தொட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து தம்பியின் தோளில் கை வைத்தார்.

“விடு மச்சான். உயிர்னு இருந்தா ஒருநாள் போகத்தான் செய்யும். நீ என்ன பண்ணுவே, பாவம்.”

“யாரு போயிட்டா?” என்று பின்னாலேயே வந்தாள் அக்கா. “டாக்டர் இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே.” பிறகு குனிந்து பார்த்தாள். “ஏங்க, இங்கே ரெண்டு டாக்டர் இருக்காங்க.”

தம்பி திரும்பினான். புதியது பாறையின் மேல் நின்றிருந்தது. அதைவிடச் சற்றே பெரிதான இன்னொன்று, புத்தம் புதுச் சிவப்பில், இடுக்கிலிருந்து மீசையை முன்னே நீட்டியபடி நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

“வாரம் பூரா கண்ணுலயே படலக்கா” என்றான் தம்பி. “செத்துடுச்சுன்னு நினைச்சு, அதே மாதிரி ஒண்ணை வாங்கி விட்டுட்டேன்.”

“விட்டுட்டு, அதுதான் இதுன்னு என் தலையில கட்டியிருப்பே.”

“நாயை வேற எங்கே கொண்டு போவேன்க்கா? அதுக்காகத்தான்...”

“செத்துடுச்சுன்னு போன்ல சொல்லியிருந்தா, ரெண்டு நாள் அழுதுட்டு, நாயைக் கூட்டிட்டு வாடான்னு நானே சொல்லியிருப்பேன். பொய் சொல்ற ஆளுக்கு இந்த வீட்டுல இடம் கிடையாது. அவன் நாய்க்கும் கிடையாது.” அக்கா கணவனிடம் திரும்பினாள். “நான் சொல்றது சரிதானேங்க?”

அத்தானின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கு உரச, பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

“மச்சான், கடையில நீ ஒண்ணுதானே வாங்கினே?”

“ஒண்ணே ஒண்ணுதான் அத்தான்.”

“அப்போ, ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில நான் பூந்தொட்டியில புதைச்சது எதை?”