இடது பக்கக் கண்ணாடி

பல் தேய்ப்பது மனித குலம் தனக்குத்தானே செய்துகொண்ட மாபெரும் துரோகம் என்பது டிரைவிங் மாஸ்டரின் தீர்க்கமான முடிவு.

சிங்கம் தேய்க்கிறதா? முதலை தேய்க்கிறதா? பல்லை வைத்தே பிழைப்பு நடத்தும் பிராணிகள் சும்மா இருக்க, ரொட்டியை மெல்லும் மனிதனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்? ஒரு வாய் தண்ணீர், ஒரு கொப்பளிப்பு. தீர்ந்தது கதை.

காலையும் இரவும் தேய்த்து, பல்லிடுக்கில் நூல் வேறு விடும் மனைவியை, "பல்லுக்குத் தையல் போடுறவ" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட ஞானியின் வேலை அன்று காலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் லைசென்ஸ் தேர்வுக்கு அவர் அனுப்பிய மூன்று பேரும் தோல்வி. மூவரின் தாளிலும் அதிகாரி ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்: இடது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை.

நான்காவது ஆளும் கோட்டை விட்டால் கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான்காவது ஆள், துணிக்கடை கேஷியர் பெண். கெட்டிக்காரி. தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம். மைதானத்தில் கடைசி ஒத்திகை.

இடது கண்ணாடியைப் பார் என்றார் மாஸ்டர். அவள் கழுத்து அசையவில்லை.

ஒருவேளை காதில் விழவில்லையோ என்று அவள் பக்கம் நன்றாகச் சாய்ந்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார். அவள் கண்ணில் நீர் கோத்தது. கழுத்து இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போனது.

தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தார்.

"என்னம்மா, கழுத்துல சுளுக்கா? இந்தப் பக்கம் என்ன, பேயா உக்காந்திருக்கு?"

அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இரண்டு நாளைக்குத் தேவையான மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். அந்தப் பக்கம் நீங்கதானே உக்காந்திருக்கீங்க... வாயத் தெறந்துக்கிட்டு."

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

தோற்றுப்போன மூன்று பேரும் கொட்டுகிற மழையிலும் ஜன்னலை ஏற்றாமல், முகத்தை வலப்பக்கமே வைத்து ஓட்டிப் பழகியது ஞாபகத்துக்கு வந்தது. காற்றோட்டப் பிரியர்கள் என்றல்லவா நினைத்திருந்தார்!

இறங்கி எதிர்க் கடைக்கு நடந்தார். பிரஷ் வாங்கினார், பேஸ்ட் வாங்கினார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த நூலும் இருக்கிறதா என்று ரகசியக் குரலில் கேட்டார்.

மைதானத்துக் குழாயடியில் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

அவள் ஹாரன் அடித்தாள்.

மாஸ்டர் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

நாக்கு பாக்கி இருந்தது.